பெர்னதெத் முகம் வரைவதில்லை

குருவுக்கு முப்பது வயது. சீடருக்கு நாற்பத்து நான்கு. குரு சீடரை ‘சார்’ என்பாள், சீடர் குருவை ‘மேடம்’ என்பார். இதில் இருவருக்கும் வருத்தம் ஒன்றுமில்லை.

குருவின் பெயர் பெர்னதெத். சென்னையில் ஒரு மெத்தைக் கடையின் மாடியில் சின்னதாக ஓர் அரங்கம் வைத்திருந்தாள். மேடையில் ஒரு ஸ்டாண்டு, அதில் பெரிய வெள்ளைத் தாள்கள், கையில் மார்க்கர். வரைந்துகொண்டே பேசுவாள். கீழே மெத்தை வாங்க வந்தவர்கள்கூட மேலே கேட்கிற சிரிப்பைக் கேட்டு டிக்கெட் வாங்கிக்கொண்டு ஏறி வருவார்கள். படம் வரைவதும் ஜோக் சொல்வதும் சேர்ந்து ஒரு மனுஷிக்குச் சோறு போடும் என்று அவளைப் பார்த்த பிறகுதான் பலரும் நம்பினார்கள்.

நம்பியவர்களில் ஒருவர் குணசீலன். பாடப்புத்தகங்களுக்குப் படம் போடுகிறவர். தவளையின் ஜீரண மண்டலம், இதயத்தின் குறுக்குவெட்டுத் தோற்றம் எல்லாம் அவர் கைதான். எத்தனையோ பிள்ளைகள் அவர் தவளையைப் பார்த்துப் பரீட்சை எழுதிவிட்டார்கள். ஒருவரும் சிரித்ததில்லை. அந்தக் குறை அவரை உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது.

சேர்ந்த அன்றைக்கே குருவிடம் ஒரு பிழை கண்டுபிடித்தார். பெர்னதெத் மேடையில் ஒரு மாமாவை வரைந்தாள். குடை, தொப்பை, வார் அறுந்த செருப்பு எல்லாம் இருந்தது. முகம் இருக்க வேண்டிய இடம் வெள்ளையாக இருந்தது. அரங்கம் அதற்கே சிரித்தது.

“மேடம், முகத்தை விட்டுட்டீங்க.”

“ஆமா சார்.”

“நான் வேணா போட்டுத் தரட்டுமா?”

“வேணாம் சார்.”

மேடத்துக்கு முகச்சாயல் கைவரவில்லை போலிருக்கிறது என்று குணசீலன் மனதுக்குள் இரக்கப்பட்டார். அவருக்கு அந்தக் கவலை இல்லை. அவர் வரைந்தால் அச்சு அசலாக இருக்கும்.

அப்படி அச்சு அசலாக அவர் வரைந்தது தன் மனைவி ஜெயக்கொடியை. அவள் ஒரு கூரியர் ஆபீஸில் கவுண்டரில் உட்காருகிறவள். வட்டக் கண்ணாடி, இடது புருவத்துக்கு மேல் ஒரு மச்சம், மேல் உதட்டைத் தள்ளிக்கொண்டு நிற்கும் தெத்துப்பல். முதல் ஷோவிலேயே அந்தப் பல்லுக்கு விழுந்த சிரிப்பில் குணசீலனுக்குக் கால் தரையில் பாவவில்லை. யாரோ அதைப் போனில் எடுத்துப் போட, ஊரெல்லாம் சுற்றியது.

“முகத்தை மட்டும் கொஞ்சம் மாத்திப் போடக்கூடாதா?” என்று ஜெயக்கொடி ஒருநாள் கேட்டாள்.

“மாத்தினா சிரிப்பு வராதே ஜெயா.”

அடுத்த ஷோவில் இந்தப் பேச்சையும் அப்படியே மேடையில் சொன்னார். அதற்கும் நல்ல கைதட்டல். அதற்குப் பிறகு அவள் எதுவும் கேட்கவில்லை.

சில மாதம் கழித்து ஜெயக்கொடி வெளியே போகும்போதெல்லாம் மாஸ்க் போட ஆரம்பித்தாள். கேட்டதற்கு, தூசி ஒத்துக்கொள்ளவில்லை என்றாள். குணசீலன் விடுவாரா? அதுதான் அவருடைய ஆகச் சிறந்த ஜோக்காக ஆனது. முகத்தை வரைவார், பல்லை வரைவார், சிரிப்பு அடங்கும்வரை காத்திருப்பார். அப்புறம் மேலே மாஸ்க்கை வரைவார்.

“கொரோனாவே நம்மளை விட்டுட்டுப் போயிடுச்சு. என் வீட்டம்மா மாஸ்க்கை விடமாட்டேங்கறா. கேட்டா தூசியாம். தூசி இல்லைங்க, அந்தப் பல்லை உள்ள வைக்க வேற இடம் கிடைக்கலை.”

ஒரு நாள் அவர் குருவிடம் கேட்டார். “மேடம், புத்தக வேலையை விட்டுடலாம்னு பாக்கறேன். இதையே தொழிலா வெச்சுக்கலாமா?”

பெர்னதெத் மார்க்கர்களை மூடி டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தாள்.

“ஞாயித்துக்கிழமை ஷோ முடியட்டும் சார். சொல்றேன்.”

அந்த ஞாயிற்றுக்கிழமை சாதாரண ஞாயிற்றுக்கிழமை இல்லை. வெளிநாடுகளில் நிகழ்ச்சி நடத்துகிற ஹுமாயூன் வருவதாக இருந்தது. அவருக்குப் பிடித்துவிட்டால் சிங்கப்பூர், துபாய். திங்கட்கிழமையே தவளைகளுக்குக் கும்பிடு போட்டுவிடலாம். ஜெயக்கொடி காலையிலேயே தாம்பரத்தில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பியிருந்தாள்.

அரங்கம் நிறைந்திருந்தது. குணசீலன் கண்ணாடி வரைந்தார், மச்சம் வரைந்தார், பல் வரைந்தார். எல்லாம் நினைத்தபடி போயிற்று. மாஸ்க்கை வரைந்து திரும்பினார்.

சிரிப்பு வந்தது. ஆனால் யாரும் அவரைப் பார்க்கவில்லை. தலைகள் எல்லாம் முன்வரிசையின் ஓரத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தன. இரண்டாம் வரிசையில் ஒரு பெண் போனைத் தூக்கி அந்தப் பக்கம் பிடித்தாள்.

மேடை வெளிச்சம் கண்ணில் படாமல் கையால் மறைத்துக்கொண்டு குணசீலன் எட்டிப் பார்த்தார்.

ஓர நாற்காலியில் ஒரு பெண். வட்டக் கண்ணாடி. புருவத்துக்கு மேல் மச்சம். மாஸ்க். அவர் தாளைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார். வித்தியாசமே இல்லை.

ஜெயக்கொடி ஒரு காதிலிருந்து மாஸ்க்கை எடுத்தாள். பிறகு அடுத்த காதிலிருந்து. அதை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். அவள் அழவில்லை, சிரிக்கவும் இல்லை. கவுண்டருக்கு வருகிறவரை என்ன கொண்டுவந்திருக்கிறீர்கள் என்று பார்ப்பதுபோல அவரைப் பார்த்தாள்.

அரங்கம் அதிர்ந்தது. நாற்காலியைத் தட்டினார்கள், விசில் அடித்தார்கள்.

அந்த நேரத்தில் ஸ்பீக்கரில் ஒரு குரல் கேட்டது.

“பாத்தீங்களா, நான் ஒண்ணும் கூட்டிச் சொல்லலை.”

அது தன் குரல் என்று ஒரு நொடி கழித்துத்தான் குணசீலனுக்குத் தெரிந்தது. வாய் அவரைக் கேட்காமலே பேசியிருந்தது. மார்க்கர் கையிலிருந்து நழுவி மேடையில் உருண்டது. அதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்து ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

ஜெயக்கொடி பையை எடுத்துக்கொண்டு நடந்தாள். “சூப்பர் மேடம்” என்று வழிவிட்டார்கள். ஒருவன் கேட்காமலே அவள் பக்கத்தில் முகத்தை நீட்டி செல்ஃபி எடுத்துக்கொண்டான்.

ஹுமாயூன் மேடைக்கே ஏறி வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். “கலக்கிட்டீங்க. அந்த அம்மாவை எல்லா ஊருக்கும் கூட்டிட்டு வந்துடுங்க. அதுதான் ஹைலைட்டே.”

குணசீலன் வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லோரும் போன பிறகு பெர்னதெத் அந்தத் தாளை ஸ்டாண்டிலிருந்து கழற்றிச் சுருட்டிக்கொண்டிருந்தாள். குணசீலன் பக்கத்தில் போய் நின்றார்.

“அவளை ஏன் மேடம் வரவெச்சீங்க?”

“நான் வரவெக்கலை சார். அவங்க எப்பவும் வர்றவங்கதான். டிக்கெட் வாங்கிட்டுக் கடைசி வரிசையில உக்காருவாங்க.”

“எப்பவும்னா?”

“நீங்க முதல் தடவை மேடை ஏறுன நாள்லேருந்து. நீங்க பாத்துடக் கூடாதுன்னு முதல்ல இங்க வரும்போது மட்டும்தான் மாஸ்க் போட்டுட்டு இருந்தாங்களாம். அப்புறம்தான் எங்க போனாலும்.”

“எதுக்கு வரணும்?”

“இந்த வாரம் நீங்க என்ன சொல்றீங்கன்னு தெரிஞ்சுக்கத்தான். மறுநாள் கவுண்டர்ல வர்றவங்க அதைத்தான் கேப்பாங்களாம்.”

“உங்ககிட்ட எப்பச் சொன்னா?”

“அந்த மாஸ்க் ஜோக்குக்கு சிரிக்காத ஒரே ஆள் அவங்கதான் சார். அதைப் பாத்துட்டு நேத்து நானே கூப்பிட்டுப் பேசினேன். இன்னைக்கு முன்னாடி உக்காரறீங்களான்னு கேட்டேன். அவ்வளவுதான் நான் பண்ணது.”

“மாஸ்க்கைக் கழட்டச் சொன்னது?”

“அது அவங்களே.”

“தூசின்னுதானே மேடம் சொன்னா.” சின்னப் பிள்ளை முறையிடுவதுபோல இருந்தது அவர் சொன்னது.

பெர்னதெத் சுருட்டிய தாளை அவரிடம் நீட்டினாள். அவர் வாங்கவில்லை. அதை நாற்காலிமேல் வைத்துவிட்டு விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்தாள். கடைசி சுவிட்சில் கை வைத்தபடி திரும்பினாள்.

“வேலையை விடலாமான்னு கேட்டீங்களே சார்.”

குணசீலன் நிமிர்ந்தார்.

“அவங்க வேலையை நேத்தே விட்டுட்டாங்க.”