கரண்டியைக் காணோமே!

அம்பலவாணருக்கு மறுநாள் காலை காவி. ஆறு மாசமாக மடத்தில் தண்ணீர் இறைத்து, மாட்டுக்குப் புல் அறுத்துக் காத்துக் கிடந்த நாள் அது. அவருக்கு வயது நாற்பத்திரண்டு. குரு ஞானாம்பிகை அம்மையாருக்கு ஏழு வயது குறைவு. அதனாலென்ன, ஞானத்துக்கு ஜாதகமா பார்க்கிறார்கள்?

அந்த மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டில் இருக்கிற எல்லோரும் சம்மதித்தால்தான் காவி கொடுப்பார்கள்.

"சம்மதம் வந்துடுச்சா?" என்று கேட்டார் அம்மையார். அடுப்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

அம்பலவாணர் ஊரிலிருந்து வந்த தபால் கார்டை நீட்டினார். மனைவி ஒரே வரிதான் எழுதியிருந்தாள். 'உங்க இஷ்டம்போலச் செய்யுங்க.'

"வீட்ல வேற யாரு?"

"மக இருக்கா. தையல்நாயகி. நான் கிளம்பும்போது நாலு மாசம். அவகிட்ட என்னம்மா சம்மதம்?"

"உங்களைத் தேட மாட்டாளா?"

"பச்சைக் குழந்தைக்கு ஏதும்மா தேட்டம்? கிலுகிலுப்பையை ஆட்டினா கண்ணு கூடவே வரும். முதுகுக்குப் பின்னால ஒளிச்சுட்டா அத்தோட சரி. மறந்தே போயிடும்."

வாய்தான் அப்படிச் சொன்னது. பன்னிரண்டு வருஷம் கோயில் கோயிலாக ஏறி இறங்கிப் பெற்ற பிள்ளை. ஆபீசிலிருந்து வந்ததும் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, "அப்பாவைக் காணோமே!" என்பார். துண்டை விலக்கினால் பொக்கை வாய் கொள்ளாத சிரிப்பு. வசம்பும் பாலும் கலந்த அந்த வாசனைக்காகவே ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வருவார் மனுஷர். இந்தப் பாசம் தன்னை முழுசாக விழுங்கிவிடும் என்று பயந்துதான் மடத்துக்கு ஓடி வந்தார்.

சமையல்காரி பேச்சியின் குழந்தை இசக்கி தவழ்ந்து வந்தான். அம்மையார் ஒரு மரக்கரண்டியை அவனுக்குக் காட்டி, தரையில் வைத்து, பழந்துணியால் மூடினார்.

"போச்சு, கரண்டியைக் காணோமே!"

இசக்கி துணியைப் பார்த்தான். பட்டென்று இழுத்து எறிந்தான். கரண்டியை எடுத்துத் தரையில் தட்டிக் கெக்கலித்தான்.

மறுபடி முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். பயல் விடுவானா? சுற்றிப் போய்ப் பிடித்துவிட்டான்.

மூன்றாவது தடவை துணிக்கடியில் வைப்பதுபோல் வைத்து, நைசாகப் பேச்சியிடம் கொடுத்துவிட்டார். இசக்கி துணியைத் தூக்கினான். முறத்தைத் தள்ளினான். அம்மையாரின் முதுகுப்பக்கம் போய்ப் பார்த்தான். திரும்ப வந்து அதே துணியை இன்னொரு தடவை தூக்கினான். உதடு பிதுங்கியது. வீல் என்று ஒரே அழுகை.

"குடுத்துடுங்கம்மா! பாவம், எவ்வளவு நேரமாத் தேடுது!" அம்பலவாணர் தாங்கமாட்டாமல் கத்திவிட்டார். பேச்சி கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கிக் குழந்தையிடம் கொடுத்தார்.

"நாலு மாசத்துல இவனும் தேடலைதான்" என்றார் அம்மையார்.

"இப்ப எத்தனை மாசம்?"

"பத்து."

அம்பலவாணருக்கு விரல் விட்டு எண்ணத் தேவையிருக்கவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"ஊருக்குப் போய் மககிட்டயும் சம்மதம் வாங்கிட்டு வாங்க."

"அவளுக்கு இன்னும் பேச்சே வந்திருக்காதேம்மா?"

"வர்ற வரைக்கும் பக்கத்திலேயே இருந்து கேளுங்க."