செவலையின் சங்கிலி

வடிவாம்பிகை அம்மாவுக்குக் கோபமே வராது என்று கொள்ளிடக் கரையில் எல்லோரும் சொல்வார்கள். சும்மா சொல்கிறார்கள். வந்ததை நான் கண்ணால் பார்த்தேன். நான் படகுக்காரன்.

ஆற்றில் தண்ணீர் திறந்துவிட்டார்கள், கரையோரம் இருப்பவர்கள் உடனே கிளம்புங்கள் என்று விடியற்காலையில் ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். அம்மா அப்போது வெளியூரில். கரையோரம் இருக்கும் அவருடைய மடத்தைக் காலி செய்தவர் சபாபதி ஐயா. தாலுகா ஆபீசில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்று, அறுபத்து மூன்று வயதில், தன்னைவிடப் பதினெட்டு வயது இளைய அம்மாவிடம் சீடராகச் சேர்ந்தவர். வெள்ளம் வந்தால் எதை எதை எடுப்பது என்று ஆடி மாதமே பட்டியல் போட்டு வைத்திருந்தார்.

பத்து மணிக்கு அம்மா பள்ளிக்கூட முகாமுக்கு வந்து சேர்ந்தார். ஐயா பட்டியலை நீட்டினார்.

"நாற்பத்தோரு சாமான் அம்மா. ஒண்ணு விடலை. தேங்காய்த் துருவிகூட வந்துடுச்சு."

அம்மா காகிதத்தைப் பார்க்கவே இல்லை. "செவலை எங்கே?"

செவலை மடத்து நாய். ஏழு வருஷமாக அங்கேதான் கிடக்கிறது.

"வாசல் தூண்ல கட்டிப் போட்டிருக்கேன். பயத்துல எங்கேயாவது ஓடிடக் கூடாதுல்ல? ரெண்டு நாளைக்குச் சோறும் வெச்சிருக்கேன்."

"கட்டிப் போட்டுட்டா வந்தீங்க?"

"முகாம்ல நாயைச் சேர்க்க மாட்டாங்களே அம்மா."

"கேட்டீங்களா?"

கேட்கவில்லை. ஆடியிலிருந்து அன்றுவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் மட்டும் யோக்கியமா? காலையில் அவரை ஏற்றி வந்தது என் படகு. நாய் குரைத்தது என் காதிலும்தான் விழுந்தது.

தப்பை ஒத்துக்கொண்டு போகாமல் அந்த மனுஷன் என்ன சொன்னார் தெரியுமா?

"பற்றை விடணும்னு நீங்கதானே சொல்லிக் கொடுத்தீங்க? எனக்கும் மனசு கேக்கலை. திரும்பிப் பார்க்காம வந்தேன்."

அம்மாவுக்கு உதடு துடித்தது. "பற்றை விட்டவர் சங்கிலியை எதுக்கு மாட்டினீங்க? நான் சொன்ன வார்த்தையைக் கொண்டுபோய் ஒரு வாயில்லா ஜீவன் கழுத்துலயா கட்டுவீங்க? கிளம்புங்க படகுக்கு!"

படகுக்கு வரும் வழியில் முகாம் அதிகாரியிடம் அம்மா கேட்டார். "சைக்கிள் ஷெட்டுல கட்டிக்குங்கம்மா" என்றார் அவர். அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

மடத்து வாசலில் இடுப்பளவு தண்ணீர், இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. செவலை பின்னங்காலில் நின்று தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தது. மூக்கு மட்டும்தான் வெளியே. குரைக்க வாயைத் திறந்தால் தண்ணீர் உள்ளே போய்விடும், அதனால் சத்தமே இல்லை. நான் படகைத் தூண் பக்கம் ஒட்டினேன்.

"இறங்குங்க" என்றார் அம்மா.

ஐயா இறங்கினார். தண்ணீருக்குள் கொக்கியைத் தேடினார். நாய் இழுத்த இழுப்பில் சங்கிலி விறைத்துக் கிடந்தது, கொக்கி அசையவில்லை. அவர் கை கழுத்தில் பட்டதும் செவலை சட்டென்று திரும்பி முழங்கைக்குக் கீழே கடித்துவிட்டது.

"ஐயோ! காப்பாத்த வந்தவனையே கடிக்குதே!"

"காப்பாத்த வந்தீங்கன்னு அதுக்கு எப்படித் தெரியும்? காலையில இதே கைதானே கட்டுச்சு!"

"ஏறிடுங்க ஐயா, நான் பார்க்கிறேன்" என்றேன் நான்.

"நீ சும்மா இருப்பா. கழட்டாம ஏறினார்னா அவருக்கு இந்தப் படகுல இடம் இல்லை."

அவர் அழுதுகொண்டே நாயை மார்போடு சேர்த்துத் தூக்கினார். அது மறுபடி கடித்தது. அவர் விடவில்லை. சங்கிலி தளர்ந்தது, கொக்கி கழன்றது. நான் பிடரியைப் பிடித்துச் செவலையைப் படகுக்குள் இழுத்துப் போட்டேன். அது அம்மாவின் முழங்காலுக்கு அடியில் புகுந்து நடுங்கியது.

திரும்பும்போது அம்மா தன் முந்தானையைக் கிழித்து ஐயாவின் கையில் கட்டினார். இறுக்கித்தான் கட்டினார். "கரைக்குப் போனதும் நேரா ஆஸ்பத்திரி. ஊசி போட்டுக்கணும்."

ஐயா தலையாட்டினார். நாயின் பக்கம் குனிந்தார்.

"அம்மா... இது என்னை மன்னிக்குமா?"

"மன்னிச்சிடும். நாளைக்கே உங்களைப் பார்த்து வாலாட்டும். அதை நினைச்சாத்தான் எனக்கு ஆத்திரம் தாங்கலை."