ஏழு சொற்களுக்குத் தடை போட்ட அரசன்

நம் பாட்டன்மாருக்கும் பாட்டன்மார் பிறக்காத காலத்தில், கொன்றைநாடு என்ற தேசத்தைக் கீர்த்திவளவன் என்றொரு அரசன் ஆண்டுவந்தான். அவன் மனைவி அல்லியங்கோதை காய்ச்சலில் இறந்து மூன்று ஆண்டு, நான்கு மாதம் ஆகியிருந்தது. அவள் அறையில் ஒரு விளக்கு அணையாமல் எரிய வேண்டும், ஒரு தூசியைக்கூட அங்கிருந்து யாரும் எடுக்கக் கூடாது என்பது அவன் உத்தரவு.

அதோடு விட்டானா? "அவள் கை பட்டதையெல்லாம் அழிக்கத்தான் இந்தச் சொற்கள் இருக்கின்றன" என்று ஏழு சொற்களுக்குத் தடை போட்டான். பெருக்கு, கூட்டு, துடை, கழுவு, அலசு, துலக்கு, மெழுகு. அரண்மனையில் இவற்றில் ஒன்றைச் சொன்னாலும் அன்று பொழுது சாய்வதற்குள் ஆற்றைக் கடந்து நாட்டைவிட்டுப் போய்விட வேண்டும், திரும்பி வரக் கூடாது. சமையற்காரர்கள், "பாத்திரத்துக்கு அதைச் செய்தாயா?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டு காலம் தள்ளினார்கள்.

ஒருநாள் காலை, அவைப்புலவர் சொல்லழகர் வேலைக்காரி பூவாயியைச் சபைக்கு இழுத்து வந்தார்.

"மகாராஜா! ராணியார் அறை வாசலில் நின்று, தடை செய்யப்பட்ட சொற்களில் மூன்றாவதை இவள் சொன்னாள். என் காதால் கேட்டேன்."

"உண்மையா பூவாயி?"

"உண்மைதான் சாமி. அம்மா இருந்த அறை விளக்குப் புகையில் அடுப்படி மாதிரி ஆகிவிட்டதே என்று வாய் தவறிவிட்டது. என் மகளுக்கு ஒன்பது மாதம் சாமி. அவளுக்கு என்னைவிட்டால் யாருமில்லை. பிரசவம் பார்த்துவிட்டுப் போகிறேனே!"

"சட்டம் சட்டம்தான்" என்றார் புலவர், அரசனுக்கு முந்திக்கொண்டு.

அமைச்சர் மருதநம்பி மெல்ல எழுந்தார். சபையில் தாமஸ் என்ற ஆங்கிலேய வணிகர் இருந்தார். பன்னிரண்டு வருடம் இங்கேயே இருந்து தமிழ் பேசப் பழகியவர். அமைச்சர் அவரிடம் கேட்டார். "துரையே, அழுக்கை எடுக்கிற இந்த வேலைக்கு உங்கள் ஊரில் என்ன சொல்வீர்கள்?"

"கிளீன் என்போம்."

"இந்தச் சொல்லின் பொருள் நம் புலவருக்குத் தெரிந்திருக்காது. பாவம், அயல்மொழி அல்லவா?"

புலவருக்கு முகம் சிவந்தது. "எனக்கா தெரியாது? கப்பல்காரர்கள் பேசிக் கேட்டிருக்கிறேன். வறுமைப்பட்ட மொழி ஐயா அது! தரையைப் பெருக்கினாலும் கிளீன், வாசலைக் கூட்டினாலும் கிளீன், சுவரைத் துடைத்தாலும் கிளீன். காலைக் கழுவு, துணியை அலசு, செம்பைத் துலக்கு, வீட்டை மெழுகு, எல்லாவற்றுக்கும் அந்த ஒரே ஒரு..."

விரல்களை மடக்கிக்கொண்டே வந்த பூவாயி, "ஏழு" என்றாள்.

புலவர் வாயைக் கையால் பொத்திக்கொண்டார்.

அரசன் சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்பைச் சபை கேட்டு எத்தனையோ காலமாயிற்று. ஆனால் அது பாதியிலேயே நின்றது.

"அப்படியானால் இரண்டு பேரும் ஆற்றைக் கடக்க வேண்டியதுதான்" என்றான்.

"கடக்கட்டும்" என்றார் அமைச்சர். "அதற்குமுன் துரையிடம் இன்னொன்றும் கேட்டுவிடலாமே. அந்தச் சொல் எங்கிருந்து வந்ததாம்?"

தாமஸ் சொன்னார். "எங்கள் பாதிரியார் சொல்லிக் கேட்டது, மகாராஜா. பழைய பேச்சில் அதற்கு அழுக்கை எடுப்பது என்ற பொருளே இல்லையாம். தெளிவானது, கலப்பில்லாதது என்றுதான் அர்த்தமாம். அதற்கும் முன்னால் 'ஒளிர்வது' என்று இருந்திருக்கலாம் என்பார். எடுக்கிற வேலைக்கு அது பிற்பாடுதான் பெயராயிற்று."

 "ஒளிர அவள் அறையில் என்ன இருக்கிறது?" என்று அரசன் தனக்குத்தானே கேட்டுக்கொண்டான்.

"பார்த்தால்தானே தெரியும்?" என்றார் அமைச்சர்.

எல்லாரும் ராணியின் அறைக்குப் போனார்கள். சுண்ணாம்புச் சுவர் கன்னங்கரேல் என்றிருந்தது. அரசன் கட்டிலின் தலைமாட்டைக் காட்டினான்.

"ஒரு முழம் மட்டும். துடை, பூவாயி."

தாமஸ் தன் நீர்க்குடுவையை நீட்டினார். "தண்ணீர் வேண்டாம் துரை" என்றாள் அவள். "புகைக்கரியில் ஈரம் பட்டால் சுவரெல்லாம் அப்பிவிடும். இதற்கு உலர்ந்த துணிதான்." மேலிருந்து கீழாக, அழுத்தாமல் இழுத்தாள். கரி உதிர்ந்து சுவர் வெளுத்தது. ஆனால் சில இடங்களில் கரி போகவில்லை. மெல்லிய கீறல்களுக்குள் தங்கி, கோடு கோடாக நின்றது. கொண்டை ஊசியால் கீறிய கோடுகள். வெள்ளைச் சுவரில் வெறும் கீறலாக இருந்தவரை யார் கண்ணிலும் பட்டிராதவை.

அமைச்சர் எண்ணினார். ஒருமுறை எண்ணிச் சரிபார்க்க மறுமுறையும் எண்ணினார். "தொண்ணூற்றாறு. வடக்கெல்லைப் போருக்கு மகாராஜா போயிருந்தது தொண்ணூற்றைந்து நாள்."

"ராணியார் கணக்கில் ஒன்று பிசகிவிட்டது" என்றார் புலவர், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கமுடியாமல்.

"அவள் பிசகவில்லை" என்றான் அரசன். "புலவரே, நீர் சொன்ன ஏழு வேலைகளையும் இந்த அரண்மனையில் நாளுக்கொன்றாக ஏழு நாள் செய்யும். பூவாயி சொல்லிக்கொடுப்பாள். அதுவும் அவள் மகளுக்குப் பிரசவம் ஆன பிறகு. பூவாயி, என் பல்லக்கில் ஏறி வீட்டுக்குப் போ. இனி எந்தச் சொல்லுக்கும் தடையில்லை."

அவள் கும்பிட்டு ஓடினாள். மற்றவர்களும் போனார்கள். அமைச்சர் மட்டும் வாசலில் நின்றார்.

"போருக்குப் போகிறேன் என்று, புறப்படுவதற்கு முந்தினநாள் மாலைதான் அவளிடம் சொன்னேன், நம்பி" என்றான் அரசன். "தலை பின்னிக்கொண்டிருந்தாள். 'சரி, போய்வாருங்கள்' என்று சிரித்தாள். அவளுக்கு அது பெரிதாகவே படவில்லை என்று நினைத்துக்கொண்டு குதிரை ஏறினேன்."

வரிசையின் முதல் கோட்டில் அவன் விரலை வைத்தான். மற்றெல்லாக் கோடுகளையும்விட அது ஆழமாக இருந்தது.