குளிப்பாட்டிய புகைக்கூண்டு

உசிலம்பட்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மெஸ் இருந்தது. அங்கே புத்தியைத் தவிர மற்ற எல்லாம் சூடாகக் கிடைக்கும். சமையல் மாஸ்டர் தவசி, பரோட்டா போடும் ஒச்சு, மாவாட்டும் பேச்சியம்மா மூவரும் சொன்ன சொல்லைத் தட்டாதவர்கள். முதலாளி நல்லமாயனுக்கு அதுதான் தீராத தலைவலி.

அடுப்புக்கு மேலே தொங்கும் புகைக்கூண்டுக்கு நல்லமாயன் ஆசை ஆசையாகப் பச்சைப் பெயின்ட் அடித்திருந்தார். இப்போது அதில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறி, கை வைத்தால் கை ஒட்டிக்கொள்ளும். மறுநாள் உணவுப் பாதுகாப்பு ஆபீசர் சோதனைக்கு வருகிறார். கூண்டு அழுக்காக இருந்தால் கடைக்குப் பூட்டு.

"கம்பி நாரு போட்டுச் சொரண்டாதீங்கப்பா, பெயின்ட் போயிரும். பச்சப்புள்ளையக் குளிப்பாட்டுற மாதிரி பதமாக் கழுவுங்க" என்று சொல்லிவிட்டு, நல்லமாயன் காய்கறி வாங்க மதுரைக்குப் பஸ் ஏறினார்.

தவசி தன் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மனிதர் கல்யாணமே ஆகாதவர். பிள்ளையைக் கையில் ஏந்திப் பழக்கமில்லை.

"பேச்சியக்கா, நீங்க ஆறு பெத்தவுக. மொதல்ல என்ன செய்யணும்?"

"எண்ணெ தேய்க்கணும்."

"அதான் ஏற்கெனவே நிறைய இருக்கே" என்றான் ஒச்சு.

"அது வடை சுட்ட எண்ணெ. வடை சுட்ட எண்ணெயவா புள்ளைக்குத் தேய்ப்பாக?"

தவசிக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

நல்லெண்ணெயை வெதுவெதுப்பாக்கி, மூலைமுடுக்கெல்லாம் நீவிவிட்டார்கள். கூண்டுக்கு மூக்கு எது என்று தெரியாததால் அதைப் பிடித்துவிட மட்டும் முடியவில்லை. தவசிக்கு அதில் பெரிய மனக்குறை. பிறகு பயத்தமாவு தேய்த்து வெந்நீர் ஊற்றினார்கள். என்ன ஆச்சரியம், பிசுக்கெல்லாம் மாவோடு வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. பெயின்ட் ஒரு கீறல் இல்லாமல் பளபளத்தது.

அதோடு விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. சாம்பிராணி காட்டினார்கள். பவுடர் போட்டார்கள். கண் படாமல் இருக்க ஓரத்தில் மைப்பொட்டும் வைத்தார்கள். அப்புறமும் தவசிக்கு ஒரு கவலை.

"அக்கா, குளிச்ச ஒடம்பு. காத்துப் பட்டாச் சளி பிடிக்காதா?"

"உச்சந்தலைய மூடிட்டாப் பிடிக்காது."

"இதுக்கு உச்சந்தலை எங்க இருக்கு?"

"எல்லாருக்கும் எங்க இருக்கோ அங்கதான். மேல போய்ப் பாரு."

ஒச்சு மொட்டைமாடிக்கு ஏறினான். அங்கே நீட்டிக்கொண்டிருந்த புகைக்குழாயின் வாயில் ஒரு கம்பளியைத் திணித்து, மேலே தன் குரங்குக் குல்லாவை மாட்டி இறுக்கிக் கட்டினான்.

காலையில் நல்லமாயன் காய்கறியோடு வந்து இறங்கவும் ஆபீசர் வரவும் சரியாக இருந்தது. கூண்டைத் தடவிப் பார்த்தார். விரலில் பவுடர்தான் ஒட்டியது.

"இத்தனை கடை பாத்துட்டேன், இப்படி மணக்குற கூண்டைப் பாத்ததில்ல" என்று பேனாவை எடுத்தார். நல்லமாயனுக்கு அப்போதுதான் உயிர் வந்தது.

"அடுப்பைப் பத்தவச்சு, கூண்டு ஃபேனைப் போடுங்க. புகை போகுதான்னு பாத்துட்டுக் கையெழுத்துப் போட்டுர்றேன்."

"மெதுவாப் போடு ஒச்சு, தூங்குது" என்றார் தவசி.

ஃபேன் கர் கர் என்று இழுத்தது. போக வழியில்லாத புகை கீழே இறங்கி அடுக்களையை நிறைத்தது. கடையைப் பூட்டச் சொல்ல வாய் திறந்த ஆபீசருக்கு இருமல்தான் வந்தது.

தவசி கூண்டில் காது வைத்துக் கேட்டார். முகம் வாடிவிட்டது.

"நான் பயந்த மாதிரியே நெஞ்சுல சளி கட்டிக்கிச்சு."

அப்புறம் ஆபீசரின் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தார்.

"பாவம், சாருக்கும் தொத்திக்கிச்சு. ஒச்சு, இன்னொரு குல்லா இருக்கா?"

"குல்லா பெறகு மாட்டலாம்" என்றாள் பேச்சியம்மா. "மொதல்ல சார் சட்டையக் கழத்துங்க, எண்ணெ காஞ்சிருச்சு."