பர்கண்டியின் வேர்

"தாயே, பர்கண்டியின் பெயரைக் காப்பாற்ற வழி சொல்லுங்கள்" என்றார் காஸ்பார்.

பிரான்சில், பர்கண்டி மலைச்சரிவில், ஒயினுக்குத் திராட்சை வளர்ப்பவர் அவர். வயது ஐம்பத்தேழு. கன்னியர் மடத்துத் தலைவி ஓதீல் அவரைவிட இருபது வயது இளையவர். ஆனாலும் கொடிக்கு ஒன்று என்றால் ஊர் ஓதீலிடம்தான் போகும்.

"என்ன ஆயிற்று?"

"வேர்ப் பூச்சி. நாற்பது வரிசையில் முப்பத்தொன்பது பட்டுப்போயிற்று."

"அமெரிக்கக் கொடியின் வேரில் நம் கொடியை ஒட்டுக்கட்டினால் பிழைக்குமாமே?"

"பிழைக்கும். ஆனால் அந்நிய வேரில் வருவது பர்கண்டி ஒயினா? ஆயிரம் ஆண்டுப் பெயர், தாயே! ஒரே சரிவில், சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு ருசி, அந்தப் பக்கம் ஒரு ருசி. அது இந்த மண்ணின் குணம். மற்ற ஊர்க்காரன் தலைகீழாக நின்றாலும் வராது."

"ஒட்டிப் பார்த்தவர் ஒருவருமே இல்லையா?"

"இருந்தான். ரெமி. ஒருவருக்கும் சொல்லாமல் அறுபது கொடி ஒட்டினான்."

"அவை?"

"வெட்கமே இல்லாமல் பச்சையாக நின்றன."

"நின்றனவா?"

காஸ்பார் தொப்பியைக் கழற்றினார்.

"பதினான்கு பேர் போனோம். பிடுங்கிக் கொளுத்தினோம். அமெரிக்கக் கொடிக்கு அப்போது தடை; சட்டம் எங்கள் பக்கம்தான் இருந்தது."

"நீரும் போனீரா?"

"முதல் கொடியைப் பிடுங்கியதே நான்."

"ரெமி?"

"மூன்றாம் நாள் காலையில், அவன் கொட்டகையில்... கயிற்றில்."

ஓதீல் சிலுவைக்குறி போட்டுக்கொண்டார். பிறகு எழுந்தார்.

"மிஞ்சிய வரிசையைக் காட்டும்."

இருவரும் சரிவில் ஏறினார்கள். நாற்பதாவது வரிசையில் இலைகள் இருந்தன.

"பாருங்கள். இதைப் பூச்சி தொடவில்லை" என்றார் காஸ்பார்.

ஓதீல் குனிந்து ஒரு கொடியின் அடியை இரண்டு விரலால் பிடித்து இழுத்தார். இலையோடு கையில் வந்தது. அடியில் வேர் இல்லை.

அடுத்ததை இழுத்தார். அதுவும் வந்தது.

மூன்றாவதை இழுக்கப் போனார்.

"போதும், தாயே."

ஓதீல் இரண்டு கொடிகளையும் அவர் காலடியில் வைத்தார்.

காஸ்பார் திரும்பிச் சரிவைப் பார்த்தார். கீழே மற்றப் பதின்மூன்று பேருடைய நிலமும் தெரிந்தது. எதிலும் பச்சை இல்லை.

"எனக்கு மூன்று பெண்கள். பெயரை வைத்து அவர்களுக்குச் சோறு போட முடியாது" என்றார் கடைசியில். "ஒட்டுகிறேன். எப்படி ஒட்டுவது என்று கற்றுக்கொடுங்கள்."

"எனக்குத் தெரியாது" என்றார் ஓதீல். "இந்த ஊரில் ஒருவருக்குத்தான் தெரிந்திருந்தது."