செங்கமலம் உடைத்த கரைகள்

ராஜாக்கள் யானைமேல் ஏறிப் போருக்குப் போன காலத்தில் கடம்பனேரி என்று ஒரு சிற்றூர் இருந்தது, கேளுங்கள். ஊருக்கு ஓர் ஏரி, ஏரிக்கு ஒரு மண்கரை. கரை நின்றால் சோறு, போனால் பட்டினி.

அந்த ஊரில் ஒரு வழக்கம். கல்யாணம் ஆகாதவர்கள் கரையில் மண்வெட்டி வைக்கக்கூடாது. அதுவரை அவர்கள் கரைப்பாட்டுப் படிக்க வேண்டும். எந்த மண் எடுப்பது, எப்படி மிதிப்பது, எப்படி அடைப்பது என்று எல்லாம் அந்தப் பாட்டில் இருந்தது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பிள்ளைகள் ஒப்பித்துவிடுவார்கள்.

ஒரு மழைக்காலத்தில், பெரியவர்கள் பக்கத்து ஊர்க் கல்யாணத்துக்குப் போயிருந்தபோது கரை கசிந்தது. இளவட்டங்கள் ஓடினார்கள். ஓடி என்ன செய்தார்கள் தெரியுமா? வரிசையாக நின்று பாட்டைப் பாடினார்கள். ஓர் அடிகூடப் பிசகவில்லை. கரை உடைந்து, கதிர் பிடித்த நெல்லெல்லாம் சேற்றில் புதைந்தது.

அன்று எல்லோரையும்விட உரக்கப் பாடியவள் செங்கமலம். பதினாறு வயசுக்காரி. அந்த வருஷம் ஊர் கிழங்கு தின்று பிழைத்தது. ஒவ்வொரு கிழங்கை உரிக்கும்போதும் அவளுக்கு அன்று பாடிய பாட்டுதான் ஞாபகம் வந்தது. மிச்சமிருந்தது ஒரு நடவுக்கான விதைநெல்தான். இன்னொரு தடவை கரை உடைந்தால் ஊரைக் காலி செய்ய வேண்டியதுதான். அப்படி ஆக விடக்கூடாது என்று அவள் மனசுக்குள் முடிவு கட்டினாள்.

வெயில் வந்ததும் தோழர்களைக் கூட்டிக்கொண்டு அப்பாவின் களத்துக்குப் போனாள். அங்கே முழங்கால் உயரத்தில் ஒரு குட்டி ஏரி கட்டினார்கள்.

நல்ல மண் எடு என்றது பாட்டு. எது நல்ல மண் என்று கைக்குத் தெரியவில்லை. மணலை அள்ளிப் போட்டார்கள். தண்ணீர் ஊற்றியதும் கரைந்து ஓடியது. ஊர் சிரித்தது.

அடுத்துக் களிமண்ணில் கட்டினார்கள். மிதி என்றது பாட்டு. எவ்வளவு மிதிப்பது என்று காலுக்குத் தெரியவில்லை. கரை வெடித்துப் பிளந்தது. ஊர் இன்னும் சிரித்தது.

மூன்றாவது கரை நின்றது. செங்கமலம் சும்மா இருந்தாளா? வயலில் நண்டு பிடித்து வந்து அதில் விட்டாள். நண்டு வளை தோண்டியது, தண்ணீர் கசிந்தது. வளையை அடை என்றது பாட்டு. வெளிப்பக்கம் அடைத்தார்கள். உள்ளேயிருந்து தண்ணீர் முட்டித் தள்ளி, கரையே பெயர்ந்து விழுந்தது. ஊருக்கு வயிறு வலிக்கும் வரை சிரிப்பு.

மழை நெருங்கியது. எங்களையும் கரைவேலைக்கு விடுங்கள் என்று செங்கமலம் ஊர்த்தலைவர் மாசிலாமணியிடம் போய்க் கேட்டாள். அவர் அவளுக்குப் பெரியப்பா முறை.

"மூணு கரை போட்ட, மூணும் உடைஞ்சுது. உங்களை நம்பி ஊர்க் கரையை எப்படிம்மா விடுறது?"

"மூணு விதமா உடையும்னு எங்களுக்குத் தெரியும் பெரியப்பா. பாட்டு மட்டும் படிச்சப்ப ஒரு விதமும் தெரியலையே."

மாசிலாமணி எழுந்துபோய்த் தன் மண்வெட்டியை எடுத்து வந்து அவள் கையில் கொடுத்தார்.

ஐப்பசியில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. பெரியவர்கள் எல்லோரும் மதகோரம் அரிப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, மறுகோடியில் ஒரு நண்டு வளை பீறிட்டது. அங்கே இருந்தது இளவட்டங்கள் மட்டும்தான். செங்கமலம் ஏரிக்குள் உள்பக்கமாக இறங்கினாள். இடுப்பளவு தண்ணீரில், நீர் இழுக்கும் இடத்தைக் காலால் துழாவிக் கண்டுபிடித்தாள். தோழர்கள் கைமாற்றிக் கைமாற்றிக் களிமண்ணும் வைக்கோலும் கொடுத்தார்கள். அவள் திணித்துத் திணித்து மிதித்தாள். ஒருவரும் பாடவில்லை. கசிவு மெல்ல மெல்ல நின்றது.

மதகை முடித்துவிட்டு ஓடி வந்த பெரியவர்கள் பார்த்தபோது கரை நின்றது. கரைக்கு இந்தப் பக்கம் ஊர் முழுக்கப் பயிரும் நின்றது. அந்தப் பழைய வழக்கத்தை ஊர் அன்றோடு விட்டது.

வாயால் படித்த பாடம், கையால் செய்து தவறிப் பார்த்த பிறகுதான் ஆபத்துக்கு உதவும்.