வெட்டுப்பட்ட புல் சொன்ன சாட்சி

அந்தக் காலத்தில், விலங்குகளோடு புல்லும் வாய் திறந்து பேசிக்கொண்டிருந்தபோது, மலை உச்சியில் ஓர் ஆட்டம் நடந்துவந்தது. வளைந்த மரக்கொம்பால் கடுக்காயை அடித்துத் தூரத்துக் குழியில் விழவைக்க வேண்டும்.

கருங்குரங்கு கொண்டையனுக்கு இந்த ஆட்டத்தின் மேல் கொள்ளை ஆசை. ஆட்டம்தான் வரவில்லை. அடித்ததெல்லாம் குழிக்கு இடப்பக்கமே ஓடியது. தன் கையைக் குறை சொல்ல அவனுக்கு மனம் வருமா? காட்டெருமைத் தலைவரிடம் போய் முறையிட்டான்.

"ஐயா, இந்தப் புல்லுதான் கடுக்காயைத் தள்ளிவிடுது. உங்க மந்தையைக் கூட்டிவந்து மிதிச்சு வெறுந்தரையாக்குங்க!"

மந்தை வந்து நின்றது. புல்லுக்குப் பாதி உயிர் போய்விட்டது.

"மிதிக்கிறதுக்கு முன்னால என் மேல இருக்கிற வெட்டுகளைப் பாருங்க, ஐயா" என்று கெஞ்சியது.

கொண்டையன் அடித்த இடங்களிலெல்லாம் புல் பெயர்ந்து கிடந்தது. தலைவர் அந்த வெட்டுகளுக்குப் பின்னால் நின்று பார்த்தார். ஒரு வெட்டாவது குழியைப் பார்த்து இருக்க வேண்டுமே! எல்லாம் இடப்பக்கத்து நாவல் மரத்தைப் பார்த்தே நீண்டிருந்தன.

"கொம்பு போற பக்கந்தான் என் தோலு கிழியும்" என்றது புல். "அண்ணன் மரக்கிளையை நெஞ்சுப்பக்கம் இழுத்தே பழகினவரு. கொம்பையும் அப்படியே வெளியில இருந்து உள்ளே இழுக்கிறாரு. செங்குத்தா இறக்குறதால வெட்டும் ஆழமாயிடுது."

"பச்சைப் பொய்!" என்று குதித்தான் கொண்டையன்.

"அப்போ உள்ளே இழுக்காம, தாழ்வா ஒருதரம் அடி. இடப்பக்கம் போனா மிதிச்சிடறோம்" என்றார் தலைவர்.

புல்லின் உயிர் இப்போது கொண்டையன் கையில். நினைத்திருந்தால் வேண்டுமென்றே கோணலாக அடித்திருக்கலாம். ஆனால் குழியைப் பார்த்ததும் ஆசை விடவில்லை. கொம்பை உள்ளே இழுக்காமல், தாழ்வாகச் சுழற்றி, குழியைப் பார்த்தே ஓங்கி வீசினான்.

மெல்லிய புல்பத்தை ஒன்று பறந்தது. கடுக்காய் நேரே போய், உருண்டு, குழிக்குள் தொப்பென்று விழுந்தது. தரையில் விழுந்த வெட்டும்கூட, குழியைப் பார்த்தே நீண்டிருந்தது.

மலையே அதிர மந்தை முழங்கியது. "ஜெயிச்சுட்டேன்!" என்று கத்தினான் கொண்டையன். "நானுந்தான்!" என்று கிழிந்த தோலோடு சிரித்தது புல். கொண்டையனுக்கு வெட்கமாகிவிட்டது. பெயர்ந்த பத்தையை எடுத்து வந்து, இருந்த இடத்திலேயே வைத்து அழுத்தினான்.

புல் பேசுவதை நிறுத்தி எத்தனையோ காலமாகிவிட்டது. ஆனாலும் கோல்ஃப் ஆடுகிறவர் அடித்த கையோடு தரையைக் குனிந்து பார்ப்பதும், மட்டை போன வழியை வெட்டு காட்டிக்கொடுப்பதும், அவர் சத்தமில்லாமல் புல்லைத் திரும்பப் பதித்து வைப்பதும் அன்று முதல்தான்.